இடது கைக்கு மாற்றிவைத்த மவுஸ்

உங்கள் போட்டோவை இன்று மத்தியானம் டிடிபி சென்டரில் நான்தான் ஸ்கேன் செய்தேன். கருமாதிப் பத்திரிகை அடிக்க வேண்டுமென்று உங்கள் கம்பெனி அட்டெண்டர் மாணிக்கண்ணன் கொண்டுவந்தார். கவரைப் பிரித்ததும் ஊதுபத்தி வாசம் அடித்தது. சாமி அறையில் வைத்திருந்த படத்தை அப்படியே எடுத்து வந்திருப்பார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் மேஜை மேலிருந்த என் இடது கை தானாக மடிக்குப் போய் ஒளிந்துகொண்டது. போட்டோவில் இருப்பது யாரென்று அதன்பிறகுதான் பார்த்தேன்.

"ஏனம்மணி, நீ இங்கதா இருக்கறயா?" என்றார் மாணிக்கண்ணன். "மேனேஜரு போயிட்டாரு கண்ணு. நெஞ்சு வலின்னு உக்காந்தாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. உனக்கு ஆரும் சொல்லலியா?"

"சொல்றதுக்கு ஆருங்ணா இருக்காங்க" என்றேன்.

பத்திரிகை வாசகத்தைக் கம்பெனி முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். 'பணியாளர்களைப் பெற்ற பிள்ளைகளாக எண்ணியவர்' என்று ஒரு வரி. பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். அது என் தொழில். ஆனால் அந்தப் பத்திரிகையில் இல்லாத சிலதும் உண்டு. அவற்றை உங்களுக்கே எழுதிவிடுகிறேன்.

பீளமேட்டில் இருந்த உங்கள் பம்ப் கம்பெனிக்கு நான் வந்தபோது எனக்கு இருபது வயது. கருமத்தம்பட்டியிலிருந்து பஸ். தட்டச்சில் ஹையர் முடித்திருந்தேன். நீங்கள் சான்றிதழைக் கையில் வாங்கினீர்கள், பிரிக்கவில்லை. "கருமத்தம்பட்டில எந்த வளவுங்க அம்மணி?" என்று கேட்டீர்கள். எங்கள் பக்கம் குடியிருக்கும் வளவின் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். கேட்பதே அதற்குத்தான். சொன்னேன். "ஓ, அக்கட்டயா? செரிங்க, செரிங்க" என்று சிரித்தீர்கள். முதலாளி ஏற்கெனவே என்னை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார், நீங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்று மாதம் பார்ப்போம், மெஷின் கைக்கு வந்தால் ஆபரேட்டர் வேலை நிரந்தரம் என்றீர்கள்.

அந்த மூன்று மாதத்தில்தான் எங்கள் வீடே தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். வேலை நிலைத்தால் நான் ஆபீசுக்குப் போகிறவள். நிலைக்காவிட்டால் அப்பா நிற்கும் தறிக்குப் பக்கத்துத் தறி எனக்கு. மூன்றாவதாக ஒரு வழி இல்லை.

கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே ஏசி. விண்டோஸ் தொண்ணூற்றைந்து போட்டு வந்த புது மெஷின். மானிட்டர் தலையில் ஒரு பிள்ளையார், சிபியு நெற்றியில் சந்தனம், குங்குமம். தினமும் காலையில் இரண்டு ஊதுபத்தி கொளுத்தி, மானிட்டர் முதுகில் சூடு வெளியேறும் ஓட்டைகளுக்கு மேலேயே ஸ்டாண்டை வைப்பீர்கள். சாம்பல் உள்ளே கொட்டும். தூசி படக்கூடாதென்று சிபியுவுக்கு வெல்வெட் துணியில் உறை தைத்து, மெஷின் ஓடும்போதே போர்த்துவீர்கள். திரை முழுக்க லட்சுமி படம். அந்தப் படம் பெரியது, மெஷினின் நினைவகம் சிறியது. திரையில் திறந்த ஒரு ஜன்னலை மூடினால் அடியிலிருக்கும் லட்சுமி காலிலிருந்து தலைவரை மெதுவாக எழுந்து வர ஒரு வாய் தண்ணீர் குடித்து முடிக்கலாம். "மெஷின் ஸ்லோவா இருக்குதுங்களே" என்று நீங்களே கவலைப்படுவீர்கள்.

நான் இடது கைக்காரி. எழுதுவது மட்டும் வலது, அதுவும் ஒன்றாம் வகுப்பில் அடித்து மாற்றியது. தட்டச்சு மெஷினில் இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் யாருக்கும் தெரியவில்லை. தறியிலும் எந்தக் கையால் முடிச்சுப் போட்டாய் என்று நூல் கேட்பதில்லை. மவுஸ்தான் காட்டிக்கொடுத்தது. முதல் நாள் அதை இழுத்து இடப்பக்கம் வைத்துக்கொண்டேன். நீங்கள் பின்னால் நின்றிருந்தீர்கள்.

"அம்மணி, அந்தக் கைய அக்கட்ட வெச்சுப்போடுங்க."

"எனக்கு இதுதானுங்க சார் பழக்கம்."

"பழக்கம் வேற, மொறை வேறங்க. இது லட்சுமிங்க. பீச்சாங்கைல தொட்டா ஆகாதுங்க. சோத்தாங்கைல பழகிக்குங்க கண்ணு."

நீங்கள் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுக் கன்னத்தில் அறைவது எப்படி என்று நம் ஊருக்குத் தெரியும். உங்களுக்கு ரொம்ப நன்றாகத் தெரியும்.

வலது கையில் மவுஸ் எனக்கு நொண்டியடித்தது. இரண்டு தட்டுத் தட்டுவதற்குள் அம்புக்குறி நழுவிவிடும். நீங்கள் வாட்சைப் பார்த்துக்கொண்டு, "ஒரு ஃபைலைத் தொறக்கறதுக்கு இத்தன நேரமாங்க?" என்பீர்கள். மதியம் நீங்கள் சாப்பிட வீட்டுக்குப் போகிற ஒன்றேகால் மணி நேரம்தான் எனக்கு மூச்சு. அப்படி ஒரு மதியம் கண்ட்ரோல் பேனலைத் திறந்தேன். மவுஸ் என்றொரு படம். அதற்குள் இரண்டு வட்டம்: வலது கைக்காரர், இடது கைக்காரர். எது வேண்டுமோ அதில் புள்ளி வைத்துக்கொள்ளலாம். இடதில் வைத்தால் மவுஸின் இரண்டு பொத்தான்களும் தங்கள் வேலையை மாற்றிக்கொள்ளும். கீழே இரட்டைத் தட்டலின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கோடு, சரிபார்க்க ஒரு பெட்டி. சரியாகத் தட்டினால் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பொம்மை துள்ளி வரும்.

இடது வட்டத்தில் புள்ளியை வைத்தேன். வேகத்தைக் குறைத்தேன். இடது கையால் தட்டினேன். பொம்மை வந்தது. இருபது தடவையாவது தட்டியிருப்பேன். அத்தனை வருஷத்தில், எந்தக் கை என்று முகம் சுளிக்காமல் என்னைக் கேட்டது அது ஒன்றுதான். இரண்டு மணிக்கு நீங்கள் வருவதற்குள் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டு, மவுஸை வலப்பக்கம் வைத்தேன்.

அப்புறம் தினமும் அதுதான். மாதம் ஒருமுறை சர்வீசுக்கு வரும் சூலூர்க்காரரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வைத்துக்கொண்டேன். "ஊதுபத்திய நிறுத்தச் சொல்லுங்க மேடம், ஃபேன் பூரா சாம்பல்" என்றார் அவர். நீங்களே சொல்லுங்களேன் என்றேன். "சொல்லிப் பாத்துட்டேனுங்க. இது சாமி காரியம் தம்பின்னு சொல்லிப்போட்டாரு."

அப்படிக் கற்றுக்கொண்டது உங்களுக்கு இனி உதவாது. உங்கள் மகன் வீட்டுக்கு மெஷின் வாங்கியிருப்பதாக மாணிக்கண்ணன் சொன்னார், அவருக்காவது உதவட்டும். ஓடுகிற மெஷினைப் போர்த்தாதீர்கள், அதற்குப் புழுங்கும். ஸ்விட்சை நேராக அணைக்காதீர்கள். ஸ்டார்ட்டுக்குப் போய் ஷட் டவுன் கொடுத்து, இனி அணைக்கலாம் என்று ஆரஞ்சு எழுத்து வரும்வரை பொறுங்கள். நீங்கள் ஒரு நாளும் பொறுத்ததில்லை, நான்தான் மறுநாள் ஸ்கேன்டிஸ்க் ஓட்டிப் பிழை திருத்தினேன். டெம்ப் என்ற ஃபோல்டரில் குப்பை சேரும், திரையிலிருக்கும் குப்பைத்தொட்டிக்குள் போட்டதும் டிஸ்க்கில்தான் இருக்கும், இரண்டையும் காலி செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை டீஃப்ராக் ஓட்டினால் சிதறிக் கிடப்பதெல்லாம் வரிசைக்கு வரும். கலர் கலராய்ச் சதுரங்கள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே நான் தயிர்சோறு சாப்பிட்டிருக்கிறேன். மவுஸைக் கவிழ்த்து வளையத்தைத் திருகினால் உருண்டை கையில் வரும். உள்ளே உருளைகளில் அழுக்கு கறுப்பாய் வளையம் கட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் உரிந்து வரும். உங்கள் மவுஸில் சுரண்டியதில் பாதி உங்கள் விரல் சந்தனம். லட்சுமி படத்தையும் சின்னதாக்கி நடுவில் வைத்தேன். மெஷின் ஓடியது. "சாமிக்குப் படைச்சதுக்கு இப்பத்தானுங்க பலன் கெடைக்குது, மெஷின் பறக்குது பாருங்க" என்று முதலாளியிடம் சொன்னீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பலனெல்லாம் என் பீச்சாங்கை செய்தது.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். மூன்றாவது மாதக் கடைசியில் முதலாளியின் மகன் லீவுக்கு வந்தார். சாயங்காலம் செருப்புக் காலோடு அறைக்குள் வந்து, என்னை எழுப்பிவிட்டு, சீட்டு விளையாட உட்கார்ந்தார். மவுஸை இழுத்து இடப்பக்கம் வைத்தார். இடது கைக்காரர்.

நான் உங்களைத்தான் பார்த்தேன். நீங்கள் அவர் தோள் பக்கம் குனிந்து திரையைப் பார்த்து, "தம்பி இடது கைங்களா! இடது கைக்காரங்க மூளைக்காரங்கன்னு சொல்லுவாங்க" என்று சிரித்தீர்கள். மாணிக்கண்ணனை அனுப்பி அவருக்கு இளநீர் வாங்கிவரச் சொன்னீர்கள்.

அன்றுதான் புரிந்தது. டவுனுக்குள் ஒரு கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு, வளவைக் காரணமாக வெளியே சொல்ல முடியாது. கையைச் சொல்லலாம். மூன்று மாதமாக நீங்கள் பார்த்தது என் கையை அல்ல.

மறுநாள் ஈரோட்டிலிருந்து பெரிய டீலர் வருகிறார், மெஷினில் விலைப்பட்டியலைக் காட்ட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். மெஷின் முன்னால் உட்காரப்போவது நீங்கள். டீலர் வரும் அன்று மதியம், நீங்கள் சாப்பிடப் போனதும், கண்ட்ரோல் பேனலைத் திறந்து, இடது வட்டத்தில் புள்ளியை வைத்தேன். மவுஸை வலப்பக்கமே வைத்துவிட்டு எழுந்தேன்.

"மறந்துட்டேங்க சார்" என்று பிற்பாடு உங்களிடம் சொன்னது பொய். தெரிந்துதான் செய்தேன். ஒரு பத்து நிமிஷம் உங்கள் சோத்தாங்கை உங்களுக்கு உதவாமல் போக வேண்டும், நான்கு பேர் வாட்சைப் பார்த்துக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும் என்று நினைத்தேன்.

நின்றார்கள். நீங்கள் தட்டத் தட்ட ஃபைல் திறக்கவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சின்னப் பட்டியல் பொத்தென்று விழுந்தது. ஏசியிலும் உங்களுக்குக் காது மடல் வேர்த்தது. டீலர், "ஏனுங்க, பம்பு ஓடுமுங்களா, இல்ல அதும் இப்படித்தானுங்களா?" என்றார். முதலாளி சிரித்தார், ஆனால் உங்களைப் பார்க்கவில்லை. சூலூர்க்காரரைப் போன் போட்டு வரவழைத்தார்கள். அவர் உட்கார்ந்த வேகத்தில், "ஒண்ணுமில்லீங்க. ஆரோ இடது கைக்காரங்க அவங்களுக்குத் தக்கன மாத்தி வெச்சிருக்காங்க" என்றார்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினீர்கள்.

"நேத்து சாயங்காலம் சின்ன முதலாளிதானுங்க உக்காந்திருந்தாரு" என்றார் மாணிக்கண்ணன். எனக்காக அந்த அறையில் வாய் திறந்தவர் அவர் ஒருவர்.

"தம்பி அப்படியெல்லாம் பண்ண மாட்டாருங்க" என்றீர்கள். என்னைப் பார்த்து, "அம்மணி, நீங்கதானுங்களே?" என்றீர்கள். நான்தான். ஆனால் கேட்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருந்தது, எப்படித் தெரிந்தது என்றும் எனக்குத் தெரியும்.

டீலர் போனதும் சொம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து எடுத்து வந்தீர்கள். "சார், வேண்டாமுங்க, சொன்னாக் கேளுங்க" என்று சூலூர்க்காரர் கையை நீட்டி மறித்தார். "ரெண்டு சொட்டுங்க தம்பி, தோஷம் கழியோணுமில்ல" என்று மாவிலையால் தெளித்தீர்கள். மானிட்டர் மேல், நாற்காலி மேல், கீபோர்டு மேல். கொஞ்ச நேரத்தில் திரையில் யாரும் தொடாமலேயே ஒரே எழுத்து வரிசை வரிசையாக ஓட ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. கீபோர்டு போய்விட்டது.

முதலாளியிடம் நீங்கள் சொன்னது அறைக்கு வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. "அந்தப் புள்ள கை வெச்சதிலிருந்தே கீபோர்டு செரியில்லீங்க."

மூன்று மாதம் முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது. என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னீர்கள். "எதுக்குங்க அம்மணி சும்மா பஸ் ஏறி அலையறீங்க? உங்களுக்கும் மெஷினுக்கும் ஒத்து வரலீங்க. நல்லபடியா போய்ட்டு வாங்க." கதவுவரை வந்து வழியனுப்பினீர்கள். மறு வாரம் நான் தறியில் நின்றேன். அப்பா எனக்குப் பக்கத்துத் தறியில் பகல் முழுக்க என் பக்கம் திரும்பாமல் வேலை செய்தார். அந்தப் பத்து நிமிஷத்துக்கு நான் வருந்துவது உண்டென்றால் அது அவர் முகத்தை நினைத்துத்தான். உங்கள் முகத்தை நினைத்து இல்லை. நீங்கள் செத்துப்போனதாலும் இல்லை.

ஒன்றரை வருஷம் தறியில் கழிந்தது. இப்போது காந்திபுரத்தில் இந்த டிடிபி சென்டர். முதலாளி ஒரு அக்கா. வேலை கேட்டு வந்தபோது, "தமிழ் டைப்பிங் எவ்வளவு வேகம்?" என்று மட்டும் கேட்டார். எனக்கென்று தனி மெஷின். என்னைத் தவிர அதில் யாரும் உட்காருவதில்லை. காலையில் வந்ததும் கண்ட்ரோல் பேனலைத் திறந்து, இடது வட்டத்தில் புள்ளியை வைத்து, மவுஸை இடப்பக்கம் நகர்த்திக்கொள்வேன். சாயங்காலம் எழும்போது புள்ளியை வலது வட்டத்துக்கு மாற்றி, மவுஸை வலப்பக்கம் வைத்துவிட்டுத்தான் கைப்பையை எடுப்பேன். நான் இருந்த தடம் தெரியக்கூடாது.

போன மாதம் அக்கா கவனித்துவிட்டார். "ஏனம்மணி, நாளைக்கும் நீதான உக்காரப் போற? எதுக்குத் தெனமும் இப்படி மாத்தறே?"

பழக்கமுங்கக்கா என்றேன்.

இன்றும் உங்கள் பத்திரிகையைப் பிரிண்ட் கொடுத்துவிட்டு எழுந்தபோது என் கை மவுஸை வலப்பக்கம் நகர்த்தியது. திரும்ப இழுத்து இடப்பக்கம் வைத்தேன். பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. திரும்பி வந்து, கண்ட்ரோல் பேனலைத் திறந்து, வலது கைக்கு மாற்றிவைத்துவிட்டுப் போனேன்.