வாப்பா மூடிய கிணறு

கண்டக்குழி

அன்பு மகள் ஸஹ்னாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் வாப்பாவும் நானும் சுகம், உன் உடம்புக்கும் படிப்புக்கும் தொழுகைதோறும் துஆக் கேட்கிறேன். போன கிழமை நீ போனில் அழுததை வாப்பாவிடம் சொல்லவில்லை. நோயாளியைத் தொட்டுப் பார்த்த டொக்டர் நான் உம்மா, இங்கே மெல்பேர்னில் பொதுச் சுகாதாரம் என்று கணக்கும் வரைபடமும் படிக்கிறேன், விட்டுவிட்டு வரவா என்று கேட்டாய். போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன்.

வெள்ளம் வடிந்த பிறகு நம் ஒழுங்கையில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. பக்கத்து வீட்டு றோசமேரியின் மகன் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிச் சுகமாகி வந்தான், வந்த கையோடு திரும்பவும் நோயில் விழுந்தான். பிறகுதான் சுகாதார வைத்திய அதிகாரி அமானி என்ற பிள்ளை வந்தது, நீ படிக்கிற அதே படிப்பைக் கொழும்பில் படித்ததாம். வீடு வீடாக ஏறி, எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று கேட்டது. யாரும் வாய் திறக்கவில்லை. கடலில் மூழ்கி மௌத்தான உன் றிம்ஸான் நானாவின் பேரில் வாப்பா ஊருக்கு வெட்டிக் கொடுத்த கிணறல்லவா, அதைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும். றோசமேரி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். நான்தான் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன், எங்கட மகன்ட பேருல வெட்டின கிணறுதான் மகள், எல்லாரும் அதுலதான் அள்ளுற என்று. தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், பக்கத்துக் கக்கூஸ் குழித் தண்ணீர் வெள்ளத்தோடு கிணற்றில் கலந்திருந்தது.

வாப்பா சோறும் தின்னவில்லை, என்னோடு கதைக்கவும் இல்லை. அமானி திரும்பி வந்து அவர் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, சுத்தமாக்கித் தருவோம், அதுவரைக்கும் மூடினால் போதும் என்று மெதுவாக விளங்கப்படுத்தியது. வெள்ளிக்கிழமை பள்ளியில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வாப்பா தானே எழும்பி நின்று, என்ட மகன்ட கிணத்துத் தண்ணிய ஆரும் குடிக்க வேணாம், தண்ணி பவுசர் வரும், அதுல எடுங்க என்றாராம். வீட்டுக்கு வந்து கிணற்றை மூடப் பலகையைத் தூக்கினார், மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன்.

அதற்குப் பிறகு புதிதாக ஒரு பிள்ளையும் விழவில்லை. அமானிக்கு யாரும் பெரிதாக நன்றி சொல்லவுமில்லை, தன் பிள்ளைக்கு வரவிருந்தது வராமல் போனதை எந்தத் தாய் அறிவாள். நேற்று வாப்பா, ஸஹ்னா படிக்கிறதும் இதுதானா என்று கேட்டார். ஓம் என்றேன். அப்ப முடிச்சிட்டே வரட்டும் என்றார். எனக்கும் அதுதான் விருப்பம், ஆனாலும் உனக்கு ஏலாமல் போனால் வா, ஏன் என்று கேட்கமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பறக்கத் செய்வானாக. மறக்காமல் வாப்பாவுக்குப் போன் எடு, நானாவைப் பற்றிக் கேள். இத்தனை வருஷம் அந்தப் பேரைச் சொல்லாதவர், இப்போது கதைக்கிறார்.

உன் உம்மா,
றுக்கியா