கத்தரிப்பூ நிற டாட்ஜும் மூன்றாவது மறுப்பும்

செப்டம்பர் 14

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் ஒருமுறை கேட்டாள்: “சார், அழுக்குக்கு எத்தனை வயசானா அது சரித்திரம் ஆகும்?” சிரித்துச் சமாளித்தேன். இன்று அதற்குப் பதில் தெரிந்த ஒருவர் ஃபோனில் வந்தார்.

எல்லாம் என் மனைவி ஆர்டித் போட்ட கெடுவால் வந்தது. “ஏங்க, முதல் பனி விழறதுக்குள்ள அந்த ஷெட்ல என் கார் நிக்கணும். இல்லேன்னா உங்க டாட்ஜோட நீங்களும் அங்கேயே படுத்துக்குங்க.”

நியாயம்தான். கல்யாணமான நாள் முதல் அவள் கார் வெளியேதான் நிற்கிறது. மினசோட்டாக் குளிரில், தினமும் கண்ணாடிப் பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். உள்ளே சொகுசாக நிற்பது என் 1970 டாட்ஜ் கார். கத்தரிப்பூ நிறம், எட்டு சிலிண்டர், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரே கூத்து. இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததும் நிறுத்தியது. பிறகு பெயிண்ட் அடிக்கவில்லை, பாகம் மாற்றவில்லை, கழுவவும் இல்லை. சோம்பல், வேறென்ன?

விற்பனை விளம்பரத்தில் அதை அப்படியே எழுதினேன். மிசூரியிலிருந்து லீலண்ட் புரூயிட் என்பவர் கூப்பிட்டார்.

“கழுவவே இல்லியா சார்?”

“இல்லை. மன்னிக்கணும்.”

“மன்னிப்பா! சார், துணியால தொட்டுடாதீங்க. நான் வர்ற வரைக்கும் பக்கத்துல நின்னு தும்மக்கூடத் தும்மாதீங்க!”

பழைய நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மதிப்புப் போய்விடும் அல்லவா? அதே கதைதானாம்.

செப்டம்பர் 17

பக்கத்து வீட்டு டுவேன் வேலியருகே வந்தான். என்னிடம் படித்தவன், இப்போது ஐம்பது வயது. “விக்கப் போறீங்களாமே சார்? கழுவித் தரட்டுமா?”

வேண்டாம் என்றேன். தலையாட்டிக்கொண்டே போனான்.

செப்டம்பர் 21

லீலண்ட் வந்தார். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் காருக்கு அடியில் போய்விட்டார். இரண்டு காலணிகள் மட்டும் வெளியே. நெடுநேரம் சத்தமே இல்லை. எனக்குப் பயம் — உயிரோடு இருக்கிறாரா? பிறகு ஒரு விசும்பல்.

“சார்... தொழிற்சாலையில செக் பண்ணவர் போட்ட சாக்பீஸ் கோடு. அப்படியே இருக்கு!”

வாழ்நாள் முழுக்கச் சாக்பீஸால் எழுதினேன். ஒருவரும் அழுததில்லை.

பின் சீட்டில் எலி கட்டிய கூடு. தர்மசங்கடமாக இருந்தது. அவருக்கோ ஆனந்தம். “இருக்கட்டும் சார், எதையும் நகர்த்தாதீங்க.” அடுத்த சனிக்கிழமை டிரெய்லரோடு வந்து எடுத்துப் போகிறார். ஆர்டித் இப்போதே அளவுநாடாவோடு ஷெட்டைச் சுற்றி வருகிறாள்.

செப்டம்பர் 23

டுவேன் மறுபடி. வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 26

சர்ச் விருந்து. ஆப்பிள் பை (பழம் அடைத்துச் சுட்ட பலகாரம்) பரிமாறும் பெண்மணி வேண்டுமா என்று கேட்டபோது முறைப்படி இரண்டு தரம் “வேண்டாம்” என்றேன். மூன்றாம் தரம், “உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்” என்றேன். பெரிய துண்டாக வைத்தாள். எங்கள் ஊரில் எடுத்த எடுப்பில் சரி என்பவன் பேராசைக்காரன்.

வெளியே வரும்போது டுவேன், மூன்றாவது முறையாக. “கடைசியா கேக்குறேன் சார். கழுவட்டுமா?”

திட்டவட்டமாக மறுத்துவிட்டேன். “வேணாம்ப்பா டுவேன். உனக்கு எதுக்குச் சிரமம்?”

செப்டம்பர் 27

கடவுளே.

நாங்கள் சந்தைக்குப் போயிருந்தோம். திரும்பினால் — ஷெட் கதவு திறந்திருக்கிறது (இந்த ஊரில் யார் பூட்டுகிறார்கள்?), வாசலில் டாட்ஜ், எண்ணெய் தடவிய கத்தரிக்காய் மாதிரி! பக்கத்தில் தண்ணீர் பீச்சும் பிரஷர் மெஷினும் கையுமாக டுவேன்.

“அடிப்பக்கமும் அடிச்சிட்டேன் சார்! ஏதோ கிறுக்கியிருந்துச்சு, சுத்தமாப் போயிடுச்சு. எலிக்கூடு ஒண்ணு இருந்துச்சு, அதையும் எடுத்துப் போட்டுட்டேன்!”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ரொம்ப நன்றிப்பா” என்றேன்.

ஆர்டித் உள்ளே வந்து கேட்டாள்: “நேத்து அவன்கிட்ட நீங்க என்னதான் சொன்னீங்க?” சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “அது மறுப்பில்லைங்க. அது சம்மதக் கையெழுத்து.”

செப்டம்பர் 28

லீலண்ட் டிரெய்லரை இழுத்து வந்த வண்டியை விட்டு இறங்கினார். பார்த்தார். புல்வெளியில் மண்டியிட்டார்.

“யாரு... யாரு சார் இதைக் குளிப்பாட்டினது?”

ஆர்டித் காபியும் ஆப்பிள் பையும் வேண்டுமா என்றாள். முதல் தடவையே “குடுங்கம்மா” என்றார். மிசூரிக்காரர். சாப்பிட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். “இப்ப இது வெறும் நல்ல கார், அவ்ளோதான்.” காலி டிரெய்லர் கடகடவென்று போனது.

வேலியருகே டுவேன், காது சிவந்து. எனக்குக் கோபம் வர முயன்றது, வரவில்லை. ஆர்டித் மட்டும் வானத்தைப் பார்த்தாள்; வடக்கே மேகம். நேராக அவனிடம் போனாள்.

“டுவேன், இந்தக் காரை நீ வாங்கிக்கோ.”

“ஐயோ, வேணாம்மா.”

“வாங்கிக்கோப்பா.”

“எனக்கெதுக்கும்மா இவ்ளோ பெரிய காரு?”

“வாங்கிக்கோடா!”

“நீங்க இவ்ளோ சொல்றதால...” செக் புத்தகம் சட்டைப் பையிலேயே இருந்தது. “கழுவும்போதே மனசு போயிடுச்சும்மா” என்றான்.

செப்டம்பர் 29

ஷெட் காலி. தரையில் எண்ணெய்க் கறை மட்டும். இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். மூன்றாம் தரம் ஆர்டித் தன் காரை அதன்மேல் நிறுத்தியிருந்தாள்.

நவம்பர் 3

முதல் பனி. ஆர்டித் இரவு உடையிலேயே ஜன்னலருகே, கையில் காபி. அவள் கார் உள்ளே, உலர்ந்து. இவ்வளவு நிதானமாக அவள் காபி குடித்து நான் பார்த்ததில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் டுவேன் வீட்டு ஷெட்டில் இப்போது டாட்ஜ். அதனால் அவன் மனைவி ஜோலீனின் கார் வெளியே, பனிக்கட்டிக்குள். அவள் சுரண்டிக்கொண்டே டாட்ஜை வாழ்த்துவது இங்கே வரை கேட்டது.

போய்க் கேட்டேன்: “ஜோலீன், நான் சுரண்டித் தரட்டுமா?” முதல் மறுப்புக்குக் காத்திருந்தேன்.

“தாங்க சார், விரல் போச்சு!” என்று சுரண்டியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

அப்படியும் சொல்லலாம் போலிருக்கிறது. வானம் இடிந்து விழவில்லை, பனிதான் விழுந்தது.

இதை யாராவது படித்தால் ஒரு சிறு பயிற்சி: நாளைக்கு யாராவது உதவட்டுமா என்று கேட்டால், மனதில் இருக்கிற பதிலை முதல் தடவையே சொல்லிப் பாருங்கள்.