மாலை ஐந்து மணிக்குள்

இன்று காலை எதிர்மனையில் மண் கொட்ட ஒரு டிராக்டர் வந்தது. ஜன்னலைச் சாத்தப் போனேன். அதற்குள் டீசல் புகையும் ஈர மண் வாசனையும் சேர்ந்து உள்ளே வந்துவிட்டன. சாத்தாமல் நின்றேன். நீ போய் நாற்பது நாளாகிறது. உன் மகள் தொலைபேசியில் சொன்னபோது, "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டேன். அழுகை வரவில்லை. இன்றும் வரவில்லை. அந்த ஒரு நாளை நடந்தது நடந்தபடி எழுதிவிடலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்து ஒன்றரை வருடமாக இருவரும் வேலைக்குக் காத்திருந்தோம். விடுதியில் அடுத்தடுத்துப் பாய் விரித்தவர்கள் நாம். நான் கும்பகோணத்துக்காரி. அப்பா இல்லை, அம்மாவும் நானும் இரண்டு தம்பிகளும் மாமா வீட்டில் ஒண்டியிருந்தோம். நீ திருப்புட்குழியில் விவசாயக் குடும்பத்துப் பெண். அண்ணன் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் உன் அப்பா உனக்கு டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். ஆனால் கல்யாண விஷயத்தில் கறாரானவர். தை பிறப்பதற்குள் வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சை இரண்டு வருடம் தள்ளிப்போடுவதாகவும், கிடைக்காவிட்டால் ஆற்காட்டுப் பக்கத்து மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்றும் கெடு வைத்திருந்தார். இதை நீயே சிரித்துக்கொண்டுதான் எனக்கு எழுதினாய்.

ஐப்பசியில் எனக்கு ஆணை வந்தது. உத்திரமேரூருக்கு அப்பால் ஒரு கிராமப் பள்ளி. குறிப்பிட்ட நாளில் மாலை ஐந்து மணிக்குள் சேர வேண்டும். தவறினால் ஆணை ரத்தாகும், வேலை பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். உனக்குக் கார்டு போட்டேன். அன்று காலை காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன், சேர்ந்தே போகலாம் என்று பதில் எழுதினாய்.

ஒரு நாள் முன்னதாகவே கிளம்பியும் பயனில்லை. அடைமழையில் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய், ரயில் விழுப்புரத்தருகே விடிய விடிய நின்றது. செங்கல்பட்டில் இறங்கியபோது காஞ்சிபுரம் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் வழியில் டயர் வெடித்து ஒரு மணி நேரம் நின்றது. நான் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு நீ நின்றுகொண்டிருந்தாய்.

"காலையிலேந்து நின்னுக்கினு இருக்கிறேன்டி. நாஷ்டா ஆச்சா?"

நான் பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். டைம் கீப்பர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். "உத்திரமேரூர் வண்டி எதுவும் போவாதும்மா. பாலாத்துல தண்ணி ரோட்டு மேல ஓடுது. நாளைக்குப் பாக்கலாம்."

நான் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு நிமிடம் இருக்கும். எனக்கு அது நீளமாகத் தெரிந்தது. பிறகு பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தாய்.

"ஏந்திரு. அப்பா நெல்லு எறக்க வந்திருக்குறாரு. டிராக்டரு சின்ன காஞ்சிபுரத்து மில்லுல நிக்குது. வா."

மில்லில் உன் அப்பா மூட்டைகளை இறக்கி முடித்திருந்தார். டிரெய்லரைக் கழற்றிக் கொடுத்தார். "தண்ணி ஜாஸ்தியா இருந்தா திரும்பிடு" என்றார். பெட்டியைக் கயிறு போட்டுப் பின்னால் கட்டினோம். சக்கரத்துக்கு மேலிருந்த தகட்டில் நான் உட்கார்ந்தேன். முதல் தெருவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு வாரத்துக்குப் பிறகு வெயில் அடித்திருந்ததால் நெசவாளர்கள் தெரு நீளத்துக்கும் பாவு நீட்டியிருந்தார்கள். அரக்கு நிறப் பட்டு நூல், இடுப்பளவு உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

"இன்னாமா இது, பாவு போட்டுக்கினு இருக்கிறோம், டிராக்டரை ஓட்டியாந்து நிறுத்துற?" என்று ஒருவர் கத்தினார்.

"உன் பாவு மேல ஒரு பொட்டு சேறு படாது பெரியவரே, திரும்பிக்கிறேன்" என்று பின்னோக்கியே ஓட்டி வேறு தெருவில் புகுந்தாய்.

வருடத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் பாலாறு அன்று கரையிலிருந்து கரைக்கு ஓடியது. வேடிக்கை பார்க்க ஊரே கூடியிருந்தது. தரைப்பாலம் தண்ணீருக்குள் இருந்தது. ஓரத்தில் நட்ட வெள்ளைக் கற்களின் தலை மட்டும் தெரிந்தது. வேண்டாம், திரும்பிவிடுங்கள் என்று இரண்டு மூன்று பேர் தடுத்தார்கள். "கல்லு தெரியற வரைக்கும் போவலாம்" என்று இறக்கினாய். பாதி ஆற்றில் வண்டி பக்கவாட்டில் லேசாக நகர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் தொறடி. எங்க ஆத்துல தண்ணி வந்து எத்தினி வருஷமாச்சு தெரியுமா?"

திறந்தேன். இரண்டு பக்கமும் செம்மண் நிறத் தண்ணீர், அதன் மேல் வெயில். கொக்குகள் நாணல் திட்டில் நின்றிருந்தன. அக்கரையில் பனைமரங்கள் வரிசையாகத் தண்ணீரில் தெரிந்தன. அதற்கப்புறம் அந்த வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆற்றை அப்படிப் பார்த்தது அன்று மட்டும்தான்.

அக்கரையில் சாலை இன்னோர் இடத்தில் உடைந்திருந்ததால் ஏரிக்கரை மேல் ஏறிப் போனோம். இடது பக்கம் கடல் போல ஏரி. வலது பக்கம், கீழே, நட்டுப் பத்து நாளான வயல்கள். நடுக்கரையில் நீ இஞ்சினை அணைத்துவிட்டாய். மணி மூன்றே முக்கால்.

"என்னடி ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆவல. ரெண்டு நிமிஷம் ஏரியைப் பாரு. அப்புறம் ஆயுசு பூரா போர்டைத்தான் பாக்கப் போற."

ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு ஏரி கண்ணில் படவில்லை. உன் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தேன். அங்கே நீ என்ன யோசித்தாய் என்று இப்போது ஊகிக்க விரும்பவில்லை. நான்கைந்து நிமிடத்தில் நீயாகவே வண்டியைக் கிளப்பினாய்.

பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கும்போது நாலு நாற்பது. தலைமையாசிரியை என் சேறு படிந்த புடவையைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டை எடுத்தார். "நல்ல வேளை வந்தீங்க. இல்லேன்னா அடுத்தவங்களுக்குத் தந்தி குடுத்திருப்பேன்" என்று பள்ளிக்கு வந்திருந்த பட்டியலை என் முன்னால் திருப்பி வைத்தார். என் பெயருக்குக் கீழே தட்டச்சில் உன் பெயர். உன் அப்பா பெயர். திருப்புட்குழி.

இரண்டு முறை படித்தேன். சந்தேகத்துக்கு இடமில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். நீ ஒரு வாளித் தண்ணீர் வாங்கி டிராக்டர் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாய்.

"இங்கே" என்று தலைமையாசிரியை விரலை வைத்தார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும், "சேந்துட்டியா?" என்றாய். "சேந்துட்டேன்" என்றேன். "அப்போ நான் கெளம்புறேன். இருட்டறதுக்குள்ள ஆத்தைத் தாண்டணும்" என்று ஏறிக்கொண்டாய்.

தையில் உன் கல்யாணம். அரை நாள் விடுப்பில் வந்து போனேன். அடுத்த வருடம் உனக்கும் ஆணை வந்ததாகக் கேள்விப்பட்டேன்; அப்போது உன் கையில் குழந்தை. நான் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தேன், தம்பிகளைப் படிக்க வைத்தேன். உன் கணவர் நல்ல மனிதர் என்று நீ சொல்லியிருக்கிறாய். நிலத்தை நீதான் பார்த்துக்கொண்டாய். குறை இருந்ததா என்று நான் கேட்டதில்லை.

என் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க காஞ்சிபுரம் வந்தபோது நீயும் கடைக்கு வந்தாய். மகள் புடவைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நீ முந்தானை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர்க் கதை சொல்வதுபோல் கேட்டாய்.

"அன்னைக்கு லிஸ்ட்டுல உனக்கு அடுத்த பேரு என்னுதுதான். தெரியுமா உனக்கு?"

"தெரியாதே" என்றேன்.

"எனக்கு முன்னாடியே தெரியும். கல்வி ஆபீசுல இருந்த எங்க சித்தப்பா சொல்லிட்டாரு."

"பின்ன ஏன்டி அன்னைக்கே சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ டிராக்டர்ல ஏறியிருக்க மாட்ட. அங்கியே பொட்டி மேல உக்காந்துக்கினு, 'நீ போடி, நீ போய் சேரு'ன்னு அழுதிருப்ப. எனக்கு உன்னைத் தெரியாதா?" என்று சிரித்துவிட்டு, என் மகளிடம் "இது நல்லா இருக்குதுமா, இதை எடுத்துக்க" என்று அந்தப் புடவையைக் கொடுத்தாய்.

நான் ஏறியிருப்பேன். பெயரைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவள், நீ பஸ் ஸ்டாண்டிலேயே சொல்லியிருந்தாலும் ஏறித்தான் இருப்பேன். அதை அன்று கடையில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பார்த்த இரண்டு மூன்று முறையும் சொல்லவில்லை. ஏற மறுத்து அழுதிருக்கக்கூடிய ஒரு தோழியை நீ இத்தனை வருடம் மனதில் வைத்திருந்தாய். அவளை உன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. இப்போது அவளை நான்தான் வைத்திருக்கிறேன்.