கறுத்த பாறையில் ஒரு காகம்

என் செல்ல அப்பாவுக்கு,

போய்விட்டு வந்துவிட்டோம். மூன்று பேருக்கென்று நீங்கள் பதிந்து வைத்த அந்தக் கப்பல் பயணம்தான். உங்கள் முதல் வருட ஆட்டைத் திவசம் முடியாமல் ஓரிடமும் வரமாட்டேன் என்று அம்மா நின்றதால் ஒரு வருடம் பிந்திவிட்டது. கபினில் உங்கள் கட்டில் சும்மா கிடந்தது. அம்மா அதில் எங்கள் சுவெற்றர்களை மடித்து வைத்தா.

ரீவியில் காட்டினார்களே, எரிமலை வெடித்து உண்டான கனேரித் தீவுகள் என்று. மலையும் கறுப்பு, மணலும் கறுப்பு. பஸ் ஓட்டிக் களைத்து வந்து, சத்தத்தைக் குறைத்து வைத்து, நீங்களும் நானும் திமிங்கிலம் பார்ப்போம். ஒன்றும் கதைக்க மாட்டோம். நான் பரீட்சை எழுதாமல் பள்ளிக்கூடத்தை விட்ட கிழமையும் அப்படித்தான் இருந்தோம். எல்லாரும் ஏன், ஏன் என்று கேட்டார்கள். வகுப்பில் வாய் திறக்கப் பயம் என்று எப்படிச் சொல்வது? நீங்கள் கேட்கவேயில்லை. பக்கத்தில் இருந்தீர்கள். அதற்கு நான் நன்றி சொன்னதேயில்லை, அப்பா.

தீவிலிருந்து சின்னப் படகில் திமிங்கிலம் பார்க்கப் போன நாள் அமாவாசை. அப்பா இல்லாதவர்களின் விரத நாள். இப்போது எனக்கும். காகத்துக்குச் சோறு வைக்காமல் அம்மா வாயில் ஒன்றும் வைக்க மாட்டா. கப்பலில் எடுத்த வெள்ளைச் சோற்றையும் பருப்பையும் டப்பாவில் போட்டுக் கைப்பையில் கொண்டுவந்திருந்தா.

முதலில் டொல்பின்கள் வந்தன. பிறகு கறுத்த முதுகுடன் திமிங்கிலங்கள். ஒரு குட்டி தாயின் விலாவோடு ஒட்டிக்கொண்டே நீந்தியது. அவை மூச்சுவிடும் சத்தம் ரீவியில் கேட்டதைவிடப் பெரிது. உங்கள் கையைத் தட்டிக் காட்டப் போனேன்.

எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா படகின் விளிம்பில் ஒரு பிடி சோற்றை வைத்துவிட்டா. ஒரு வெள்ளைக் கடற்பறவை வந்து கொத்தியது. மஞ்சள் ஜக்கெட் போட்ட வழிகாட்டிப் பெண் ஓடிவந்தாள்.

"பறவைகளுக்குச் சாப்பாடு போடக் கூடாதென்று முதலே சொன்னேன்தானே?"

அம்மா பதறிப்போய்ப் பறவையைக் காட்டி, "சொறி, சொறி! மை ஹஸ்பண்ட்!" என்றா.

ஒரே சிரிப்பு. "உங்கள் கணவருக்கு நல்ல பசி போல" என்று பின்னாலிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

"சொல்லு பிள்ளை. விளங்கப்படுத்து." அம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

இப்படியான இடத்தில் எப்போதும் நீங்கள்தான் கதைப்பீர்கள். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். இப்போது எங்கே நிற்பது?

"என் அப்பா செத்துப்போனார்" என்றேன், ஆங்கிலத்தில். "இன்றைக்கு அவருக்காகக் காகத்துக்குச் சோறு வைப்போம். இங்கே காகம் இல்லை. அம்மாவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்."

சிரிப்பு நின்றது. வழிகாட்டி அந்தச் சோற்றை ஒரு பையில் அள்ளினாள். "சாப்பாடு போட விட முடியாது. ஆனால் காகத்தின் உறவுக்காரரைக் காட்டுகிறேன்" என்று கரையைக் காட்டினாள். கறுத்த பாறையில் ஒரு கறுத்த அண்டங்காகம்.

"எங்கை? எங்கை பிள்ளை?" அம்மாவுக்குத் தெரியவில்லை. அது அசைந்தால்தான் தெரியும்.

அப்பப்பாவின் திவசத்துக்கு எங்கள் நோர்பரி வீட்டுத் தோட்டத்தில் நின்று நீங்கள் "கா! கா!" என்று கத்துவீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறார்களே என்று நான் அம்மா சமைக்கும் குசினிக்குள் ஒளிவேன். அன்றைக்கு நான் கத்தினேன், அப்பா. அவ்வளவு பேருக்கு முன்னால். "கா! கா!"

அது சிறகை விரித்து எழும்பி, மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அம்மா கண்டுவிட்டா.

"கொப்பருக்குப் பசியில்லை போல" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு டப்பாவை என் மடியில் வைத்தா. மிச்சச் சோற்றை இரண்டு பேரும் கையால் சாப்பிட்டோம். பருப்பில் உப்பே இல்லை. தெறித்த கடல்தண்ணீர் சரிசெய்தது.

தையல் கடையில் இன்னும் பின்னறையில்தான் இருக்கிறேன். முன்னுக்கு வந்து ஆட்களோடு கதைக்க ஏலுமா என்று முதலாளி அக்கா கேட்டிருக்கிறா. என்ன சொல்லட்டும்?

வாற அமாவாசைக்குத் தோட்டத்தில் நான்தான் கூப்பிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். பசித்தால் வாங்கோ. பசிக்காவிட்டாலும் சும்மா வாங்கோ.

இனிக் குசினிக்குள் ஒளியாத
உங்கட ஒரே மகள்