எய்விந்தின் புதுக் குரல்

எய்விந்த்,

படகுக்கு நேரமாகிவிட்டது. மீன் சூப் அடுப்பில் இருக்கிறது, கொதிக்கவிடாமல் சூடாக்கு.

பதினொரு மணிக்கு வங்கியிலிருந்து போன் வரும். முதலில் பாஸ்போர்ட் எண்ணைக் கேட்பார்கள். பாஸ்போர்ட் மேசைமேல் இருக்கிறது. பிறகு, தொண்டை ஆபரேஷனுக்கு முந்தைய உன் குரலை அழித்துவிட்டு இப்போதைய குரலைப் பதிவுசெய்வார்கள். "என் குரலே என் அடையாளம்" என்று மூன்று முறை நீயேதான் சொல்ல வேண்டும். என் குரல் அங்கே செல்லாது.

நேற்று வங்கியின் மெஷின் உன் குரலை ஏற்காதபோது நீ, "மெஷின் சொல்றது சரிதான், இது நான் இல்ல" என்றாய். "அப்ப இந்த வீட்டுல இருக்கறது யாராம்?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

இன்று விடியலில் ஜன்னல் முழுக்கப் பனிமூட்டம். அரைத்தூக்கத்தில் ஒரு கரகரத்த குரல், கடலுக்கடியிலிருந்து பூனையைக் கூப்பிடுவதுபோலக் கேட்டது. நான் கண்ணே திறக்கவில்லை. எய்விந்த் படுக்க வருகிறான் என்று சுவர்ப்பக்கம் நகர்ந்து இடம் விட்டேன்.

ரக்னில்ட்

பி.கு.: பூனைக்குச் சாப்பாடு போட்டுவிட்டேன். பட்டினி கிடப்பதுபோல உன் காலைச் சுற்றும், நம்பாதே. விடியலில் நீ கூப்பிட்டதும் மாடியிலிருந்து ஓடி வந்ததே, அது மட்டும் நடிப்பில்லை.