கேமராவில் ஒட்டிய பிளாஸ்திரி

கேமராவின் முதுகில் நீ கடைசியாக ஒட்டிய பிளாஸ்திரி இன்று காலை கழன்று விழுந்துவிட்டது. சித்திரை வெயிலில் பசை இளகி, ஒரு வாரமாகவே ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. விரலில் ஒட்டிய அந்த மருந்து வாடையை முகர்ந்ததும், நீ பக்கத்தில் நின்று திட்டுவது போலவே இருந்தது.

ரெட்டியார்பாளையத்துக் கல்யாணம் ஞாபகமிருக்கிறதா? நாம் இரண்டு பேரும் சேர்ந்து கல்யாணப் படம் எடுக்க ஆரம்பித்த புதிது. ஒவ்வொரு படம் எடுத்ததும் நான் குனிந்து கேமராவின் திரையைப் பார்ப்பேன். வெளிச்சம் சரியில்லை, கை ஆடிவிட்டது, நீயாக இருந்தால் நன்றாக எடுத்திருப்பாய் என்று முனகிக்கொண்டே அழித்துவிடுவேன். அன்றும் அப்படிக் குனிந்த நேரத்தில்தான் பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நிமிர்வதற்குள் துண்டு தோளுக்குப் போய்விட்டது.

"அங்க தாலி கட்டறாங்க, நீ குனிஞ்சி என்னாடி தேடற?" என்று பல்லைக் கடித்தாய். பந்திக்குப் போவதற்குள் மெடிக்கலில் பிளாஸ்திரி வாங்கிவந்து, திரை தெரியாதபடி பட்டை பட்டையாக ஒட்டிவிட்டாய். "படத்த வூட்டுக்குப் போயி பாரு. இங்க எதிர்ல இருக்கறவங்களப் பாரு." அதன் பிறகு கிழியும்போதெல்லாம் நீயேதான் மாற்றி ஒட்டினாய்.

போனைத் திறந்தால் பீச் பக்கத்து மஞ்சள் சுவர் முன்னால் மற்ற போட்டோக்காரர்கள் எடுத்த கல்யாண ஜோடிப் படங்கள். ஒவ்வொன்றும் என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போகும். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாய்: "அவங்க படத்த அவங்க எடுத்துட்டாங்க. உன் படத்த யாரு எடுக்கறது?" சொல்வது உனக்குச் சுலபம். எனக்கு உன் மேல்தான் ரொம்பப் பொறாமை.

காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவேயில்லை. கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

பிறகு கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். அவருடைய பெரிய மகள் கல்யாணத்தை நீ எடுத்தாயே, அவர்தான். "சின்னவளுக்கு முடிவாயிருக்கு. அவங்க எடுத்த மாதிரியே எடுத்துக் குடும்மா" என்றார். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். செத்துப்போனவளிடமுமா தோற்பது என்று வீம்பாக ஒத்துக்கொண்டேன்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் நீ எடுத்த படம் மாட்டியிருக்கிறது. ஜன்னலோரம் பெரியவள் தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள். அதே ஜன்னலில் சின்னவளை நிறுத்திச் சிரிக்கச் சொன்னேன். பல் தெரிந்தது, சிரிப்பு வரவில்லை. அவள் அப்படிச் சிரிக்கிறவள் இல்லை. பழக்க தோஷத்தில் திரையைப் பார்க்கக் குனிந்தேன். பிளாஸ்திரிதான் தெரிந்தது. நிமிர்ந்து, "போதும், போம்மா" என்றேன்.

அவள் நேரே அப்பாவிடம் போனாள். புதுப் பட்டு வேட்டி அவர் இடுப்பில் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது. முழு அலங்காரத்தோடு முட்டி போட்டு உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கினாள். "மூச்ச இழுத்துப் புடிப்பா!" என்று அதட்டினாள். அவர் குழந்தை மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். எடுத்தேன். எப்படி வந்தது என்று பார்க்கவில்லை.

ஆல்பம் கொண்டுபோன அன்று அந்த அம்மா ஜன்னல் படத்தைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இது அவங்க எடுத்த மாதிரி இல்லியேம்மா."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "ஆமாம்மா, இது நான் எடுத்தது" என்று வந்துவிட்டது.

அவர் பெல்ட் படத்திலேயே நின்றுவிட்டார். "இதப் பெருசா போட்டுக் குடு. அது பக்கத்துலயே மாட்டணும்" என்றார்.

இப்போது அந்தச் சுவரில் நாம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறோம். எது நல்ல படம் என்று மனசு இன்னும் கேட்கத்தான் செய்கிறது. கேட்டுக்கொண்டே கிடக்கட்டும், எனக்கு வேலை இருக்கிறது.

சற்று முன் மெடிக்கலில் புதுச் சுருள் வாங்கினேன். "எங்கம்மா அடி பட்டுச்சு?" என்றார் கடைக்காரர். "கேமராவுக்குங்க" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இந்த முறை நானே ஒட்டினேன். நீ ஒட்டினால் நேராக இருக்கும். என்னுடையது கோணல்தான், ஆனாலும் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. முதலியார்பேட்டையில் ஒரு வளைகாப்பு, சீக்கிரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போயிட்டு வரேன்டி.