மும்முறை உரக்க வாசிக்கப்பட்ட இரகசியம் குறித்து முத்தலைத்துறைத் தூதன் விடுக்கும் ஓலை

நலம் பெருகுக. ஆரைநாட்டு ஏரிகள் நிறைக. பகைவர் கனவிலும் நடுக்கம் விளைப்பவரும், புதுமை எதுவாயினும் முதலில் தழுவுபவருமாகிய கோச்செந்திண்ணப் பெருமகனார் திருவடிகளுக்கு, முத்தலைத்துறையில் தேவரீரின் தூதனாக ஒரு பலகையளவு இடத்தில் வீற்றிருக்கும் நக்கன் சாத்தன் பணிந்து எழுதும் விண்ணப்பம்.

தூதருக்குத் தனி மாளிகை என்பது பழங்காலத்து வழக்கம் என்றும், பல நாட்டாரும் ஒரே கூரையின்கீழ் ஆளுக்கொரு பலகை பிடித்துத் தத்தம் தொழில் நடத்தும் பொதுப்பணிக்கூடமே இனி ஏற்றது என்றும், அக்கம்பக்கத்தாரோடு பழகினால் நாட்டுக்கு நன்மை விளையும் என்றும் தேவரீர் கட்டளையிட்டபடி, சன்னலோரப் பலகை ஒன்றைப் பெற்று ஏழு திங்களாகின்றன. குறை சொல்ல வாய் வரவில்லை. நல்ல காற்று, குளிர்ந்த குடிநீர். இடப்பக்கம் மிளகு வணிகர் ஒருவர். வலப்பக்கம் வடகுறிச்சி நாட்டுத் தூதர் மருதங்கோ. நம் பகைநாட்டார் என்பதன்றி வேறு குற்றமில்லாதவர். தேவரீர் விரும்பிய பழக்கம் நன்றாகவே வளர்ந்திருக்கிறது.

சென்ற திங்கட்கிழமை தேவரீரின் திருமுகம் வந்தது. அரசர் திருமுகத்தைத் தூதன் தன் பணியிடத்திலேயே எழுந்து நின்று மும்முறை உரக்க வாசிக்க வேண்டும், கொணர்ந்தவர் அதைக் கேட்டுச் சான்று சொல்ல வேண்டும் என்பது நம் நாட்டு முறை. மாளிகைக் கதவுகளைச் சாத்திக்கொள்ள முடிந்த காலத்தில் வகுத்த முறை. கடற்கரைக்குப் போய் வாசிக்கலாமே என்று அடியேன் கெஞ்சினேன். கொணர்ந்த பூதனாரோ, இப்பலகையே தூதனின் பணியிடம் என அரசர் விதித்திருக்க, மணலில் வாசித்தால் சான்று சொல்ல இயலாது என்று மறுத்தார். மெல்ல வாசித்தேன். காதில் விழவில்லை என்றார். ஆகவே உரக்க வாசித்தேன்.

முழுநிலவுக்கு மறுநாள் விடியலில் நம் படை புன்னைத்துறையில் நெடுவாய் ஆற்றைக் கடந்து வடகுறிச்சியைத் தாக்கும் என்பதையும், இச்செய்தி எவர் செவிக்கும் எட்டலாகாது என்பதையும் கூடம் முழுவதும் மும்முறை கேட்டது. முதல்முறை மிளகு வணிகர் நிறுப்பதை நிறுத்தினார். மூன்றாம்முறை மருதங்கோ எழுதிக்கொண்டிருந்தார். துறையின் பெயரை மட்டும் பணிவோடு கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.

வடகுறிச்சியிலும் இதே முறைதான் போலும். நேற்று அவர்தம் அரசரின் மறுமொழி வர, மருதங்கோ எழுந்து நின்று வாசித்தார். புன்னைத்துறைக் கரையில் நாணற்காட்டுக்குள் நாற்பது யானைகளும் வில்லாளர் அறுநூற்றுவரும் மறைந்து காத்திருப்பர் என்றது அவ்வோலை. மூன்றாம்முறை வாசிக்கையில் அவர் ஓலையைப் பார்க்கவில்லை, அடியேனையே பார்த்தார்.

நம் படையின் முதல் ஓடத்தில் ஏறவிருப்பவன் அடியேன் மகன் கொற்றன் என்பது தேவரீர் அறிந்ததே. அதை மருதங்கோவும் அறிவார்; உணவைப் பகிர்ந்துண்ணும் நேரங்களில் அவனைப் பற்றி அடியேன் அளந்த பெருமை கொஞ்சமன்று. தூதன் அஞ்சலாகாது. அஞ்சுகிறேன், பெருமானே. அவன் கடக்கவிருக்கும் துறையைத் தந்தையின் குரலே பகைவருக்குச் சொல்லிவிட்டது.

முழுநிலவுக்கு இன்னும் எட்டு நாள்கள் உள்ளன. படையைத் திருப்பியழைத்து, அச்செய்தியைத் திருமுகமாக இங்கு விடுக்கக் கட்டளையிட வேண்டுகிறேன். அதைக் கடற்கரையில் வாசிக்க அனுமதி கேளேன். இப்பலகையருகிலேயே நின்று, கூடத்தார் அனைவரும் கேட்க, தொண்டை கிழிய மும்முறை வாசிப்பேன். பூதனார் போதும் என்றாலும் நான்காம் முறையும் வாசிப்பேன்.

இவை நக்கன் சாத்தன் எழுத்து. இதை எழுதி முடிக்கும்வரை மருதங்கோ முகத்தைச் சன்னல்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். முத்திரை நம்முடையது, அரக்கு அவர் தந்தது.